ஏழாம் நம்பர் மலையில் கட்டிய துணிகள்

சித்திரை விடுமுறை. காலை 6.10. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் பதுளை நிலையத்தில் என்னை இறக்கிவிட்டபோது என் இடுப்பு என் சொல் கேட்கும் நிலையில் இல்லை. வழி முழுவதும் கடைசி ஆசனம், மடியில் கமெராப் பை. நான் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியை. பாடசாலை விடுமுறை வந்தால் பறவைப் படம் எடுக்கப் போய்விடுவேன். ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்பதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. இப்போது பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள்.

பிளேன்டீ ஒன்றைக் குடித்துவிட்டு 6.45 மடுல்சீமை பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் 160 ரூபாய். பசறை வரை ஏறத்தாழ பதினெட்டுக் கிலோமீற்றர், அதற்கப்பால் இன்னும் இருபது. பின்பாதித் தூரத்தைக் கிலோமீற்றரில் சொல்வது ஏமாற்று வேலை, குழிகளில்தான் கணக்கிட வேண்டும். நடத்துநர் என் பையைப் பார்த்துவிட்டு, "மிஸ், மடுல்சீமையில யார் வீட்டுக்குப் போறீங்க?" என்றார்.

"குருவியளைப் படம் எடுக்கப் போறன்."

"யாழ்ப்பாணத்துல குருவி இல்லைங்களா?"

நியாயமான கேள்வி. எங்கள் கடற்கரைக் களப்பு முழுக்கப் பறவைதான், அதைச் சுற்றிக் கமெராவும்தான். வரிசையில் நின்று பூநாரை எடுத்து எடுத்து எனக்கு அலுத்துவிட்டது. யாரும் காத்திருந்து எடுக்காத ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அது எதுவென்று அன்று காலை எனக்கே தெரியாது.

மடுல்சீமை கடைவீதியில் அறை எடுத்துக்கொண்டு, ஆட்டோ ஓட்டும் குமாரிடம் பறவைகள் எங்கே கூடும் என்று கேட்டேன். "குருவிதான வேணும்? எங்க அக்காகிட்ட போவோம் மிஸ், அவங்க கூட்டையே காட்டுவாங்க" என்றார். நான்கு கிலோமீற்றருக்கு 600 ரூபாய். அக்காவின் பெயர் பாக்கியம். என்னைவிட ஏழெட்டு வயது குறைவு, கொழுந்து பறிப்பவர். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் அவர் வாயில் 'மிஸ்' அந்த நிமிடமே 'டீச்சர்' ஆகிவிட்டது.

தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலத்தையும் தோட்டத்தில் மலை என்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அன்று ஏழாம் நம்பர் மலையில் பறிப்பு. பாக்கியத்தின் இரண்டு கையும் சீராக வெட்டிய செடி மட்டத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. கண் என் மேலேயே இருந்தது, வாய் ஊர்க்கதை பேசியது. ஒரு செடியைச் சுட்டிக்காட்டி, கொப்பை விலக்காமல் குனிந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கிண்ணம்போல ஒரு கூடு, அதில் இளஞ்சிவப்பில் புள்ளி விழுந்த மூன்று முட்டை. கொண்டைக்குருவியின் கூடு. எந்த வீட்டு வேலியிலும் கத்தும் சாதாரணக் குருவிதான், ஆனால் தேயிலைக்குள் அதன் குடித்தனத்தை நான் பார்த்ததே இல்லை.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"நாங்க எங்கங்க கண்டுபிடிக்கிறோம்? பறிச்சுக்கிட்டே வர்றப்ப கைக்குக் கீழ விருட்டுன்னு ஒண்ணு எந்திரிச்சுப் போகும். கை தன்னால நின்னுரும்."

கூடு இருக்கும் செடியில் பிறகு யாரும் கை வைப்பதில்லை. எட்டு நாளுக்கொரு தடவை அந்த மலைக்குத் திரும்பும்போதும் அதை விட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள். குஞ்சு பறக்க மூன்று சுற்று ஆகும். வேலையை மேற்பார்க்கும் கங்காணி கேட்டால் "கூடுங்க" என்று ஒரு சொல், அவரும் தாண்டிப் போய்விடுவார். ஒரே செடியில், முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும் வரை எடுத்துவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

மறுநாள் காலை 7.00. தனியாகப் போனேன். குறிப்புப் புத்தகத்தில் படம் வேறு கீறி வைத்திருந்தேன்: பெரிய கல்லிலிருந்து மேலே முப்பத்தேழு அடி, இடப்பக்கம் ஒன்பதாவது செடி. 9.30 வரை தேடினேன். எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே பச்சை. திசையும் தூரமும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், ஒரு கூட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் மலைச் சரிவில் உட்கார்ந்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்தேன். மேல் நிரையில் பறித்துக்கொண்டிருந்த பாக்கியம் இறங்கி வந்து, நேராக நடந்து, ஒரு செடி முன் நின்றார். நான் நான்கு தடவை தாண்டிப்போன செடி அது.

"அடையாளத்துக்கு ஒரு துணி கட்டி விடுங்கோவன்" என்றேன்.

"துணி எதுக்கு டீச்சர்? எனக்குத்தான் தெரியும்ல."

"எனக்குத் தெரியேல்லையே."

அவர் சிரித்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த பழைய சேலையின் சிவப்புக் கரையில் ஒரு சாண் கிழித்துக் கொப்பின் நுனியில் முடிந்தார். அதன்பின் எல்லாம் சுலபமாகிவிட்டது. ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே சிவப்பு தெரியும். ஐந்து நாள், அடைகாக்கும் தாயை நூறு படத்துக்குமேல் எடுத்தேன். குஞ்சு பொரிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் விடுமுறை. காலை 8.20, மறுபடியும் ஏழாம் நம்பர் மலை. இந்த மாதத்து ஊவாக் காற்றைச் சொல்லாமல் விட முடியாது. தொப்பியை ஒரு கையாலும் கமெராவை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். ரோட்டுப் புழுதி பல்லில் நெரிந்தது. ஆனால் இந்த வறண்ட காற்றில்தான் தேயிலைக்கு வாசம் ஏறுமாம், தொழிற்சாலைப் பக்கமிருந்து வந்த மணத்தில் எனக்குத் தலைவலி போய்விட்டது. சித்திரையில் கரும்பச்சையாக இருந்த சரிவு இப்போது மஞ்சளோடியிருந்தது. வானத்தில் ஒரு கழுகு அசையாமல் நின்றது, அதை முதலில் எடுத்தேன்.

"பழைய கூட்ட என்னமோ கொண்டு போயிருச்சு டீச்சர்" என்றார் பாக்கியம். "அதனால என்ன, உங்களுக்காக நாலு பாத்து வச்சிருக்கேன்." சரிவில் நான்கு சிவப்புத் துணிகள் படபடத்தன. ஒரு முழுச் சேலையையே இதற்கென்று கிழித்திருக்கிறார். நான் வருவதற்கு மூன்று நாள் முன்னதாக ஒவ்வொன்றாகக் கட்டினாராம். எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை 7.40. முப்பது அடி தள்ளி ஒரு நிழல்மரத்தின் பின்னால் உட்கார்ந்து முதல் துணிக்குக் குறிவைத்திருந்தேன். குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. தாய் ஒரு புழுவோடு வந்து போனது. அப்போது கீழ்ப்பக்கமிருந்து செம்போத்து ஒன்று வந்தது. எங்களூரில் செண்பகம் என்போம். காகம்போல உடம்பு, செங்கல் நிறச் சிறகு, இரத்தச் சிவப்புக் கண். அது தேடவில்லை. செடிக்குச் செடி எட்டிப் பார்க்கவில்லை. தரையில் நடந்து நேரே துணிக்கு வந்தது, கொப்பில் ஏறியது, தலையை உள்ளே விட்டது. என் விரல் பழக்கத்தில் அழுத்திக்கொண்டே இருந்தது. பிறகுதான் எழுந்து கத்தினேன். அது குஞ்சோடு பறந்துபோனது. ஒரு மணி நேரத்தில் இரண்டாவது துணிக்குப் போனதையும் பார்த்தேன், ஓடிப்போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருந்தது.

கமெராத் திரையில் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். அலகில் குஞ்சு, பக்கத்திலேயே சிவப்புத் துணி, இரண்டும் துல்லியமாக விழுந்திருந்தன. என் வாழ்நாளில் நான் எடுத்த மிகத் தெளிவான படம் அதுதான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சித்திரைக் கூட்டை எது கொண்டுபோனது என்பதும் விளங்கிவிட்டது. துணிக்கும் கூட்டுக்கும் உள்ள தொடர்பை நானும் செம்போத்தும் ஒரே நேரத்தில் படித்திருக்கிறோம்.

அப்போதே மேலே போய்ப் பாக்கியத்திடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருடைய சேலை கண்ணில் நின்றது, அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மிச்சம் இரண்டு துணிகளையும் ஓசைப்படாமல் அவிழ்த்துப் பைக்குள் போட்டேன். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுப் பிற்பகல் 2.15 பஸ்ஸில் மலையிறங்கிவிட்டேன்.

டிசம்பர் விடுமுறை. மலை இருந்த இடத்தில் மழை இருந்தது. பசறையிலிருந்து மேலே பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டே ஏறியது. அட்டைக்குப் பயந்து காலுறைக்குள் உப்புத் தடவிக்கொண்டேன், பயனில்லை, அட்டைகளுக்கு உப்பு ருசி பிடித்துவிட்டதுபோல. கூடு கட்டும் காலமில்லை, ஆனால் வடக்கேயிருந்து குளிருக்கு வந்த விருந்தாளிகள் நிறைய. மழைநீர் ஓடும் கான் ஓரத்தில் சாம்பல் வாலாட்டி, நிழல்மரத்தடியில் பழுப்பு ஈப்பிடிப்பான். மூன்றாம் நாள் மாலை 5.50க்கு மழை சற்று விட்டபோது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலிருந்த பற்றைக்குள் ஆறுமணிக்குருவி கூப்பிட்டது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று இருக்கிற வர்ணத்தையெல்லாம் உடுத்துக்கொண்டு ஈரச் சருகைக் கிளறியது. இருபது படத்தில் மூன்று தேறியது. அன்றைக்கு எனக்கு அதுவே பெரிய சந்தோஷம், அந்தத் தைரியத்தில்தான் பாக்கியத்தின் வீட்டுப் படியேறினேன்.

அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். சம்பலோடு இரண்டு ரொட்டி வைத்தார். சாப்பிடுவதற்கு முன் கமெராவை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். பெருப்பிக்கச் சொன்னார். இன்னும் பெருப்பிக்கச் சொன்னார்.

"இது என் சேலை."

"ஓம். துணியைப் பாத்துத்தான் அது வருது. நான்தான் கட்டச் சொன்னனான், பிழை என்னுடையது."

"இது எப்ப எடுத்தீங்க?"

"ஆகஸ்ட்டில."

அவர் கமெராவை என் மடியில் வைத்தார். "ஆகஸ்ட்லயே தெரியுமா டீச்சர்? நீங்க போன மறுநாள் ரெண்டு துணியக் காணோம். காத்துல போயிருச்சுன்னு நெனைச்சு நான் திரும்பக் கட்டினேன். கெட்டி முடிச்சாப் போட்டுக் கட்டினேன்."

நான் எதிர்பார்க்காத அடி அது. அந்த இரண்டு கூடும் நான்கு நாளில் காலியாகிவிட்டன. ஒன்றில் குஞ்சுகள் கொப்புக்கு வரும் பருவமாம். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? என் நம்பர் இருக்குல்ல உங்ககிட்ட?" என்றார். குரலை உயர்த்தவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன். "ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாப்பிட்டேன். வழக்கமாக ரோட்டு வரை வந்து வழியனுப்புகிறவர் அன்று வாசலோடு நின்றுவிட்டார்.

அடுத்த சித்திரை வரை அந்த வாசல் என் மனதில் கிடந்தது. இனி அந்தப் பக்கம் போகாமல் வேறு ஊர் பார்ப்போமா என்றுகூட யோசித்தேன். விடுமுறைக்கு ஒரு கிழமை முன்னதாகக் குமார் அழைத்தார். "அக்கா உங்கள வரச் சொன்னாங்க. கமெராவும் கொண்டு வரச் சொன்னாங்க." வேறு விவரம் கேட்டதற்கு, எனக்குத் தெரியாதுங்க என்று சிரித்தார்.

காலை 7.50. ஆட்டோ வளைவில் திரும்பியதும் நான் வாயைத் திறந்தபடி இருந்துவிட்டேன். ஏழாம் நம்பர் மலை முழுக்கத் துணி. சிவப்பு, மஞ்சள், ஊதா, பாடசாலைச் சீருடை வெள்ளை, யாரோ பிள்ளையின் பூப்போட்ட சட்டைக் கை. நாற்பதுக்குக் குறையாது. ஒரு சரிவில் நாற்பது கூடு! கண்ணீர் வரப் பார்த்தது. முதல் துணிக்கு ஓடிக் குனிந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. இரண்டாவதும் வெறுமை. மூன்றாவது, நான்காவது என்று முழங்கால் நோக ஏறி இறங்கினேன். எட்டாவது செடிக்குள் தலையை விட்டிருந்தபோது மேல் நிரையில் சிரிப்பு வெடித்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள், நடுவில் பாக்கியம், கூடையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எல்லாம் செம்போத்த ஏமாத்துற துணி டீச்சர். அதுக்குப் புத்தி வர ரெண்டு நாள் ஆச்சு. உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்தோம்."

எட்டுச் செடி என்று யாரோ எண்ணிச் சொன்னார்கள். கங்காணி வேறு பொய்க் கோபத்தோடு வந்து, "தோட்டத்துத் தொரை கேட்டாருங்க, கோயில் திருவிழாவான்னு. இவளுக ஆமான்னுட்டாளுக" என்றார். அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் டிசம்பரிலிருந்து நெஞ்சுக்குள் இருந்த கல் அந்தச் சிரிப்பில் கரைந்துபோயிற்று, நானும் சேர்ந்து சிரித்தேன்.

"அப்ப உண்மையான கூடு எது?"

"இருக்கு, ஒண்ணு. சொல்ல மாட்டேன். துணி கட்டுன செடியில இல்ல, அம்புட்டுத்தான்." பிறகு, சரிவின் நடுவிலிருந்த தட்டைக் கல்லைக் காட்டினார். அதன்மேல் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டார். "நீங்க இங்கயே உக்காந்துக்கங்க. இங்கருந்து பாத்தா எல்லாத் துணியும் தெரியும், செம்போத்து படுற பாட்டையும் எடுக்கலாம். வேற எங்கயும் அலையாதீங்க, செடி மட்டம் கலைஞ்சிரும்."

சொன்னபடி கேட்டேன். ஐந்து நாள், காலை ஏழரையிலிருந்து பிற்பகல் வரை அந்தக் கல்தான் என் ஆசனம். செம்போத்து தினமும் வந்தது. கீழ்ச் சரிவில் ஒரு மஞ்சள் துணியில் ஏறும், தலையை விடும், வெளியே எடுக்கும். அடுத்த துணியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று இருந்துவிடும். விடை தெரியாமல் கரும்பலகை முன் நிற்கும் மாணவனின் முகம் அதற்கு. சிரிப்பில் கமெரா ஆடிப் பல படங்கள் மங்கிப்போயின. என் பின்பக்கம் கொண்டைக்குருவிகள் ஓயாமல் கத்தின, மலை முழுக்க அவை கத்துவதுதானே என்று நான் திரும்பவில்லை. பத்து மணிக்குப் பாக்கியம் பிளேன்டீ கொண்டுவந்து தருவார், கால் நீட்டிக்கொண்டு குடிப்போம். அதைவிட நல்ல விடுமுறை எனக்கு வாய்த்ததில்லை.

கடைசி நாள் வந்தது. இம்முறை ரயிலில் மலையிறங்கி, கண்டி வழியாகத் திரும்பத் திட்டம். விடியற்காலை பஸ்ஸில் பதுளைக்கு வந்து, பதினொரு மணி வாக்கில் புறப்பட்ட ரயிலில் சன்னலோரம் பிடித்தேன். எதிரே ஒரு தாய், மடியில் குழந்தை. ஹாலிஎல நிலையம் தாண்டியது. குஞ்சு பறக்கும் படம் இந்தத் தடவையும் இல்லை. அது பறந்ததா என்பதாவது தெரிந்தால் போதும் என்றிருந்தது. பாக்கியத்திடம் கேட்டுத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை, கேட்கும் உரிமையை ஆகஸ்ட்டில் இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

11.40. தெமோதரை நிலையத்தில் ரயில் நின்றபோது போன் அதிர்ந்தது. பாக்கியத்திடமிருந்து ஒரு படம். பாதிப் படத்தை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது. மறுபாதியில், கொழுந்துக் கூடையின் விளிம்பில், வால் சரியாக முளைக்காத கொண்டைக்குருவிக் குஞ்சு ஒன்று உலகத்தின் மேல் கோபத்தோடு உட்கார்ந்திருந்தது. கீழே குரல்பதிவு. காதில் வைத்தேன்.

"டீச்சர், மூணும் பறந்து போயிருச்சு. காலையில ரெண்டு, இது கடைசி. கூடை மேல ஒக்காந்துட்டுத்தான் போனுச்சு."

படத்தைப் பெருப்பித்தேன். குஞ்சுக்குப் பின்னால், கலங்கலாக ஒரு தட்டைக் கல் தெரிந்தது. அதன்மேல் நாலாக மடித்த சாக்கு. எழுந்துவிட்டேன், எதிரே இருந்த தாய் குழந்தையை இழுத்துக்கொண்டார். உடனே பாக்கியத்தை அழைத்தேன்.

"கூடு எனக்குப் பின்னாலயோ இருந்தது?"

"பத்தடி மேல. நீங்க முன்னாடியே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா எந்திரிச்சுத் திரும்புவீங்க. ஆள் அசையாம உக்காந்திருக்கிற எடத்துக்குச் செம்போத்து வராதுங்க. துணியெல்லாம் ரெண்டாவதுதான் டீச்சர். நீங்கதான் முதல் காவல்."

ரயில் புறப்பட்டது. "நல்ல சேதிங்களா அக்கா?" என்று எதிரே இருந்த தாய் கேட்டார். போனை நீட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு, "விரல்தாங்க தெரியுது" என்றார். விரலுக்குப் பக்கத்தில் பாருங்கோ என்று குஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நல்ல சேதிதான் என்று தலையாட்டினேன்.